ஆடாதவர் கற்பிக்கும் ஆட்டம்

1994 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் நடந்தது. அலோர் ஸ்டாரில் அப்போது திங்கட்கிழமை விடியற்காலை 3.30 மணி. பிரேசிலும் இத்தாலியும் கூடுதல் நேரம் முடிந்தும் கோல் போடவில்லை. பினால்டி உதைகளில் பிரேசில் 3-2 என்று வென்றது. ரொபெர்ட்டோ பாஜ்ஜியோவின் கடைசி உதை குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்ததை அந்த ஆட்டம் பார்த்த யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்தத் திடலின் ஓரக்கோட்டில் நின்ற இரண்டு பேரைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. பிரேசிலின் பயிற்றுநர் கார்லோஸ் அல்பெர்ட்டோ பரேரா, இத்தாலியின் பயிற்றுநர் அரிகோ சாக்கி. இருவருமே தொழில்முறைக் காற்பந்து ஆடியவர்கள் அல்லர். உலகத்தின் ஆகப் பெரிய ஆட்டத்துக்கு இரண்டு அணிகளையும் கொண்டுவந்து நிறுத்தியவர்கள், அந்த ஆட்டத்தைப் பிழைப்பாக ஒரு நாளும் ஆடாதவர்கள்.

கெடாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் காற்பந்து சொல்லித்தருகிறேன். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, வேலை மாற்றலாகி அலோர் ஸ்டாருக்கு வந்த ஆசிரியன் நான். மாநில அணிக்கு ஆடியதில்லை, எந்தக் கிளப்போடும் ஒப்பந்தம் போட்டதில்லை. பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்க வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “ஐயா எந்த டீமுக்கு ஆடுனீங்க?” என்பதுதான். அது நியாயமான கேள்வி. பெற்ற பிள்ளையின் மாலை நேரத்தையும் முழங்காலையும் ஒருவரிடம் ஒப்படைப்பவர்கள் அவருடைய தகுதியைக் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கு என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

தொழில்முறையாக ஆடியவர் என்ற தகுதியே நம் நாட்டில் வயதில் சிறியது. மலேசியாவில் பாதித் தொழில்முறை லீக் 1989இல் தொடங்கியது, முழுத் தொழில்முறை லீக் 1994இல். அதற்கு முன் ஆடிய தலைமுறை, மியூனிக் ஒலிம்பிக்கில் நாட்டு அணிக்குத் தலைமை தாங்கிய எம். சந்திரன், கோல் காவலர் ஆர். ஆறுமுகம் போன்றோரின் தலைமுறை, காற்பந்தை மட்டும் நம்பி வாழ்ந்ததல்ல. தோட்டங்களிலும் அப்படித்தான். என் சிறு வயதில் தோட்டத்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் கிராணிகளும் பள்ளி ஆசிரியர்களும். காலையில் பெரட்டு, மாலையில் திடல். அவர்களில் யாரும் மைதானம் நிறைந்த கூட்டத்துக்கு முன் ஆடியவர்கள் இல்லை. ஆனால் எந்தப் பையன் எங்கே நின்றால் ஆட்டம் திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அது எப்படித் தெரிந்தது என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக என்னைப் பிடித்து வைத்திருக்கும் விஷயம்.

ஆடிய பயிற்றுநரிடம் ஒரு நேர்வழி இருக்கிறது. பந்தை வாங்கி, செய்து காட்டுகிறார். பிள்ளை பார்த்துப் பின்பற்றுகிறது. அந்த வழி எனக்குக் கிடையாது. முப்பது மீட்டர் தாண்டி நண்பனின் காலடியில் விழும்படி ஒரு பந்தைத் தூக்கி அடித்துக் காட்ட என்னால் முடியாது. ஆகவே பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கும்படியான ஒரு பயிற்சியை நான் கட்டியாக வேண்டும். திடலின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, ஒரு விதி, ஒரு தடை: இவற்றை மாற்றி மாற்றி வைத்து, என் கால் செய்யாத வேலையைத் திடல் செய்யும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். செய்துகாட்ட முடியாதவர் அமைத்துக்கொடுக்கக் கற்கிறார். இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

சாக்கியின் கதையை இந்த வரியோடு சேர்த்துப் படிக்கலாம். ஃபுசிஞ்ஞானோ என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பாவின் காலணித் தொழிற்சாலைக்காகக் காலணி விற்றவர். சிறிய அணிகளில் தொடங்கி பார்மா வரை ஏறி, இத்தாலியக் கிண்ணப் போட்டியில் ஏ.சி. மிலானையே தோற்கடித்த பிறகு, 1987இல் அந்த மிலானே அவரை அழைத்துக்கொண்டது. அங்கே ரூட் குல்லித்தும் மார்கோ வான் பாஸ்தனும் இருந்தார்கள். காலணி விற்றவர் சொல்லி அவர்கள் கேட்பார்களா? சாக்கி வாதம் செய்யவில்லை, ஒரு பயிற்சி வைத்தார். ஒரு பக்கம் கோல் காவலரும் நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்களும், மொத்தம் ஐந்து பேர். எதிர்ப்பக்கம் குல்லித், வான் பாஸ்தன் உட்படப் பத்துப் பேர். கால் மணி நேரத்தில் கோல் போடுங்கள் என்றார். ஒரே ஒரு விதி: பந்து பறிபோனால், தங்கள் பாதித் திடலுக்குள் பத்து மீட்டர் பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும். பத்துப் பேரால் ஒரு தடவையும் கோல் போட முடிந்ததில்லை என்று சாக்கி பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஐந்து பேரும் இடைவெளி விடாமல் ஒன்றாக நகர்ந்தார்கள், அவ்வளவுதான். ஒழுங்கு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எந்தக் காலாலும் காட்டியிருக்க முடியாது. அதே மிலான் 1989இல் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் ரியால் மாட்ரிட்டை 5-0 என்றும், பார்சிலோனாவில் நடந்த இறுதியில் ஸ்டியாவாவை 4-0 என்றும் வென்றது. அடுத்த ஆண்டும் கிண்ணம் அவர்களுக்கே.

நமக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். அவரும் பள்ளி ஆசிரியர். கல்லூரி நாள்களில் ஆடியவர்தான், ஆனால் அவர் காலத்து இந்தியாவில் தொழில்முறைக் காற்பந்து என்ற ஒன்றே இல்லை. அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1951இல் டில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதி வரை சென்று, நான்காம் இடத்தில் முடித்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து செகந்திராபாத் பக்கம் வளர்ந்த துளசிதாஸ் பலராம் அவர் கண்டெடுத்த ஆட்டக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் போட்டவர் அந்தப் பலராம்.

ரஹீம் ஹைதராபாத்தில் இளைஞர்களுக்கு நடத்திய போட்டிகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு போட்டியில் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு எதிராளியை ஏமாற்றிப் போகக் கூடாது, உடனே கொடுத்துவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும். “இடது காலையும் பழகு” என்று ஆயிரம் முறை சொல்லலாம், பிள்ளை மறந்துவிடும். வலது காலைத் தடை செய்து ஒரு போட்டி நடத்திவிட்டால், ஒரே மாலையில் அந்த இடது கால் விழித்துக்கொள்கிறது. வகுப்பறையில் கரும்பலகையோடு பழகிய ஒருவருக்குத்தான் இந்த யோசனை வரும் என்று நினைக்கிறேன். கேள்வியை எப்படி அமைத்தால் மாணவனே விடையைத் தேடிப் போவான் என்பது ஆசிரியருக்குத் தினசரி வேலை.

என் திடலில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பந்தை வாங்குவதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்ப்பது காற்பந்தில் உயிர்நாடியான பழக்கம். பின்னால் ஆள் இருக்கிறானா, திரும்பலாமா, வந்த வழியே கொடுத்துவிட வேண்டுமா என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் முடிவாகிறது. “பின்னால பாரு, பின்னால பாரு” என்று கத்தினால் பிள்ளை என்னைத்தான் பார்க்கும். அதனால் ஒரு பையனை அவனுக்குப் பின்னால் நிறுத்தி, சிவப்பு மஞ்சள் சட்டைத் துணிகளில் ஒன்றைத் தூக்கச் சொல்வேன். பந்து காலுக்கு வருவதற்குள் நிறத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பந்து மறுபக்கத்துக்கு. சில வாரங்களில் துணியை எடுத்துவிடலாம். கழுத்து தானாகத் திரும்பப் பழகிவிடும்.

ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தை முப்பதுக்கு இருபது மீட்டர் கட்டத்தில் வைத்தால் பிள்ளைகள் சீக்கிரம் முடிவெடுக்கக் கற்கிறார்கள். கட்டத்தை அகலமாக்கி, கோல்களை நான்கு மூலைகளிலும் வைத்தால் ஆட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றக் கற்கிறார்கள். அணியில் எல்லாரும் நடுக்கோட்டைத் தாண்டிய பிறகு போட்ட கோல்தான் செல்லும் என்றால், பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் பையன் முன்னால் ஓடி வருகிறான். இந்த விதிகளில் எதுவும் நிரந்தரம் இல்லை. பிள்ளைகள் கற்றுக்கொண்ட அன்று விதி போய்விட வேண்டும். ஒரு விதியை எப்போது எடுப்பது என்பதைக் கணிப்பதில்தான் பயிற்றுநரின் கைத்திறன் தெரியும்.

செய்துகாட்ட வேண்டிய சில விஷயங்கள் இருக்கத்தான் செய்கின்றன. தலையால் பந்தை முட்டுவது, ஓடி வரும் பந்தை நெஞ்சில் தாங்கி இறக்குவது. அதற்கு அணியிலேயே ஒரு பிள்ளை இருக்கும். அவனைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்வேன், பிறகு அவனையே விளக்கவும் சொல்வேன். தன் வயதுப் பையன் செய்வதைப் பார்க்கும்போது, நம்மாலும் ஆகும் என்ற எண்ணம் மற்றவர்களுக்கு வருகிறது. காட்டிய பையனுக்கோ, தன் கால் செய்வதை வாய் சொல்லப் பழகுகிறது. நாளைக்கு அவனும் ஒரு பயிற்றுநர்.

இனி கண். ஒரு ஆட்டத்தின் தொண்ணூறு நிமிடத்தில் ஒரு ஆட்டக்காரரின் காலில் பந்து இருப்பது மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று நிமிடம். மீதி நேரமெல்லாம் அவர் பந்து இல்லாமல்தான் ஆடுகிறார். ஆகவே பந்தைப் பின்தொடரும் கண், ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தவறவிடுகிறது. பயிற்சி தொடங்கிய முதல் பத்து நிமிடம் நான் பேசுவதில்லை. ஒரு பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு, பந்து எங்கே போனாலும் அவனையே பார்ப்பேன். பந்து பறிபோன அடுத்த இரண்டு நொடியில் அவன் என்ன செய்கிறான்? கையை இடுப்பில் வைக்கிறானா, திரும்பி ஓடுகிறானா? நண்பன் தவறு செய்தால் அவன் முகம் எப்படிப் போகிறது?

நிற்கும் இடமும் முக்கியம். ஓரக்கோட்டில் நின்றால் தற்காப்பு வரிசைக்கும் மத்தியத் திடலுக்கும் உள்ள நீள இடைவெளி தெரியும். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றால் ஆளுக்கு ஆள் உள்ள அகல இடைவெளி தெரியும். முதல் பாதியை ஓரிடத்திலும் இரண்டாம் பாதியை இன்னோர் இடத்திலும் இருந்து பார்க்கிறேன். டாருல் அமான் அரங்கத்துக்கு கெடா அணியின் ஆட்டம் பார்க்கப் போகும்போது, வசதியான நடு இருக்கையை விட்டு கோல் பின்புறத்து மேல் வரிசைக்குப் போவதும் இதற்குத்தான். பச்சை மஞ்சள் சட்டைகள் ஒரு வரிசையாக நகர்வதும், அந்த வரிசை எங்கே கிழிகிறது என்பதும் அங்கிருந்து தெளிவாகத் தெரியும். ஒரு குறிப்புப் புத்தகம் எப்போதும் கையில் இருக்கும். ஆடியவருக்கு உடம்பே நினைவு வைத்திருக்கும். எனக்கு எழுத்துதான் நினைவு.

கண்ணுக்கு அடுத்தது காது. ஆடாதவர் கேட்காமல் தேற முடியாது. இங்கே முன்னாள் மாநில ஆட்டக்காரர் ஒருவரைத் தெரியும். மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி அவரிடம் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை.

“அண்ணே, ரெண்டு பேர் நடுவுல புகுந்து போனீங்களே, அப்ப என்ன பாத்தீங்க?”

“எங்க தம்பி பாத்தேன், கால் தானா போச்சு.”

திறமைசாலிகள் பெரும்பாலும் இப்படித்தான் பதில் சொல்வார்கள். பல ஆண்டு பழக்கத்தில் அறிவு காலுக்குள் இறங்கிவிட்டது, வாய்க்குத் தெரியாது. அதனால் கேள்வியைச் சிறு சிறு துண்டாக்க வேண்டும். பந்து வரும்போது எந்தக் காலில் எடை இருந்தது? முதலில் நகர்ந்தது நீங்களா, எதிராளியா? அவன் எந்தக் காலை முன்னால் வைத்திருந்தான்? அப்போது அவர் கண்ணை மூடி யோசிப்பார். “அவன் வலது கால முன்ன வச்சான். எடை எல்லாம் அங்க. அந்தப் பக்கமே போனா அவனால திரும்ப முடியாது.” இதோ, ஒரு பயிற்சிக்கான விதை கிடைத்துவிட்டது. மறுநாள் திடலில், எதிராளியின் முன்காலைப் பார்த்து அந்தப் பக்கமாகக் கடக்கும் ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தை வைப்பேன். அந்த அண்ணனின் கால் அறிந்ததைப் பிள்ளைகளின் கால்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பங்கு.

கேட்பதன் மதிப்புக்கு அமெரிக்கப் பேஸ்பாலில் ஒரு பழைய கதை உண்டு. நம் பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடிய பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். 1918இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் மேலாளர் எட் பாரோ. தொழில்முறையாக ஆடாதவர், நிர்வாகத்தில் வளர்ந்தவர். அவர் அணியில் பேப் ரூத் என்ற பந்து வீச்சாளர் இருந்தார். நல்ல வீச்சாளர், ஆனால் மட்டை பிடித்தால் இன்னும் பயங்கரம். வீச்சாளர் நாலு நாளுக்கு ஒரு முறைதான் களத்தில் இறங்குவார். இவரைத் தினமும் வெளித்திடலில் நிறுத்தினால் தினமும் மட்டை பிடிப்பாரே என்று அணியின் மூத்த ஆட்டக்காரர் ஹாரி ஹூப்பர் வற்புறுத்தினார். தயங்கிய பாரோ கடைசியில் கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு பாஸ்டன் உலகத் தொடரை வென்றது. அடுத்த ஆண்டு ரூத் 29 ஹோம் ரன் அடித்துப் புதிய சாதனை படைத்தார். அந்த ஆட்டத்தின் வரலாறே அந்த முடிவுக்குப் பிறகு வேறு பாதையில் போனது. யோசனை ஆடியவருடையது, முடிவு ஆடாதவருடையது. ஹூப்பர் சொன்னதைப் பாரோ காதில் வாங்கினார் என்பதில் அவருடைய தகுதி இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து, 2019இல், அதே பேஸ்பாலில் தொழில்முறையாக ஒரு நாளும் ஆடாத மைக் ஷில்ட் தேசிய லீக்கின் ஆண்டின் சிறந்த மேலாளராகத் தேர்வானார்.

பரேராவிடம் கற்க வேண்டியது வேறு. அவர் உடற்பயிற்சிக் கல்வி படித்து வந்தவர். 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் பெலேயின் பிரேசில் அணிக்கு உடற்தகுதிப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர். அந்த அணியின் அழகைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் அது போட்ட 19 கோல்களில் 12 இரண்டாம் பாதியில் விழுந்தவை. மெக்சிகோவின் உயரத்திலும் வெயிலிலும் மற்றவர்கள் களைத்த நேரத்தில் பிரேசில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருந்தது படித்துத் தெரிந்துகொண்ட அறிவு.

கெடாவின் பிற்பகல் வெயிலில் பிள்ளைகளை ஓட வைக்கும் எனக்கு இது தினசரிப் பாடம். ஆடியவர்கள் தாங்கள் வளர்ந்த விதத்தையே பிள்ளைகளுக்கும் தருவது இயல்பு: திடலைச் சுற்றிப் பத்து முறை ஓடு, தண்ணீர் அப்புறம். அந்தப் பழக்கம் எனக்கு இல்லாததால் நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வளரும் வயதில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை “குதிகால் வலிக்குது ஐயா” என்றால் அது சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. எலும்பு வளரும் இடத்தை இழுத்துப் பிடிக்கும் தசைநாரால் வரும் வலி அது, ஓய்வு கொடுக்க வேண்டும். ஒரே வகுப்பில் உட்காரும் இரண்டு பையன்களின் உடல் வளர்ச்சியில் இரண்டு மூன்று வருட வித்தியாசம்கூட இருக்கலாம். பெரியவனாகச் சீக்கிரம் வளர்ந்துவிட்டவன் இன்று எல்லாரையும் இடித்துத் தள்ளிக் கோல் போடுவான். சிறியவனாக இருப்பவன் தப்பிக்க மூளையைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருப்பான். இன்றைய கோல் கணக்கை மட்டும் பார்த்துச் சிறியவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், நாளைய நல்ல ஆட்டக்காரனை அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம்.

எல்லை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆடியவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. பல்லாயிரம் பேர் பார்க்க, இறுதியாட்டத்தின் பினால்டி உதைக்கு நடுக்கோட்டிலிருந்து நடந்து போகும்போது காலுக்குள் என்ன நடக்கிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அலோர் ஸ்டாரில் பிறந்த டான் செங் ஹோ கெடாவுக்காக ஆடியவர், பிறகு கெடாவின் பயிற்றுநர். 2016 மலேசியக் கிண்ண இறுதியில் சிலாங்கூரோடு 1-1 என்று நின்ற ஆட்டம் பினால்டிக்குப் போய், கெடா 6-5 என்று வென்றது. அந்த நேரத்தில் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அந்தப் பச்சை மஞ்சள் சட்டையை அவரும் போட்டவர். அந்த அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன்.

பரேராவும் அதை அறிந்தவர்தான். 1994இல் அவர் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளராக உட்கார்ந்திருந்தவர் மாரியோ ஸகாலோ. 1958இலும் 1962இலும் ஆட்டக்காரராக உலகக் கிண்ணத்தை வென்று, 1970இல் பயிற்றுநராகவும் வென்றவர். ஆடியவரும் ஆடாதவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். இருபத்து நான்கு ஆண்டுக்குப் பிறகு பிரேசிலுக்குக் கிண்ணம் வந்தது. நானும் பெரிய போட்டிக்கு முன் அந்த முன்னாள் ஆட்டக்காரரைப் பிள்ளைகளிடம் பேச அழைக்கிறேன். அவர் பயத்தைப் பற்றிப் பேசுவார். தனக்கும் கால் நடுங்கியது என்பார். நான் சொன்னால் ஆறுதலாக மட்டும் இருக்கும் அந்த வார்த்தை, அவர் சொல்லும்போது அனுபவமாக இறங்குகிறது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீட்டு மனைகளாக மாறியபோது மக்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் இன்னும் தொலைவுக்கும் போனார்கள். லயத்துக்கு எதிரே இருந்த திடல்கள் பல இன்று இல்லை. பெரட்டு முடிந்து மாலையில் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்த கிராணியும் இல்லை. ஆனால் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பதினொரு பேரைச் சேர்க்கவே மாணவர் போதாத சிறு பள்ளிகளும் அவற்றில் உண்டு. அங்கே செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குப் புறப்பாட நடவடிக்கைக்காகத் திடலுக்கு வருபவர் மாநில அணியில் ஆடியவராக இருக்கப் போவதில்லை. கணிதம் சொல்லித்தரும் ஆசிரியராகவோ தமிழ் சொல்லித்தரும் டீச்சராகவோதான் இருப்பார். ஆடாதவர் கற்பிப்பதை நாம் தாழ்வாக நினைத்தால், அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க யாருமே இல்லை என்று ஆகிவிடும்.

கற்பிக்க வருபவர்களும் இதை அரைகுறையாகச் செய்யக் கூடாது. விசில் ஊதிப் பந்தை உருட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்துகொள்வதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்க முடியாது. படிக்க வழி இருக்கிறது. தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் விளையாட்டு அறிவியலைப் படிப்படியாகக் கற்கலாம். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்கள் அடிமட்ட டி நிலையிலிருந்து சி, பி, ஏ என்று ஏறி, தொழில்முறை நிலை வரை போகின்றன. ஜெர்மனியில் யூலியன் நாகெல்ஸ்மன் இருபது வயதில் காயத்தால் ஆட்டத்தை விட்டு, பயிற்றுநர் படிப்பில் இறங்கி, இருபத்தெட்டு வயதில், 2016இல், ஹோஃபன்ஹைம் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். அந்த நாட்டில் படிப்புக்கு இருக்கும் மரியாதை நம்மிடமும் வர வேண்டும்.

பயிற்சிக்குப் புதிதாக வரும் இளம் ஆசிரியர்களிடம் நான் மூன்று வேலை சொல்கிறேன். அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்து, கண்டதை எழுதுங்கள். நன்றாக ஆடிய ஒருவரைத் தேடிப் போய், ஒரே ஒரு அசைவைப் பற்றி அவரைத் துண்டு துண்டாகக் கேளுங்கள். கேட்டதை வைத்து, நீங்கள் வாய் திறக்காமலே பிள்ளை கற்றுக்கொள்ளும்படி ஒரு சிறு ஆட்டத்தை அமையுங்கள். இதை வாரம் தவறாமல் செய்தால், “எந்த டீமுக்கு ஆடுனீங்க?” என்ற கேள்வி உங்களைத் தடுத்து நிறுத்தாது. உங்கள் பிள்ளைகள் பந்து வாங்கும் முன் திரும்பிப் பார்ப்பதையும், பறிபோன பந்தைத் திரும்பப் பிடிக்க ஓடுவதையும் பெற்றோர் ஓரக்கோட்டில் நின்று பார்ப்பார்கள். அந்தக் கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியாது.